டயரை எரிப்பது அறியாமை அல்ல

மார்கழியின் கடைசி வாரம் வந்தால் சென்னையில் ஓர் அறிவிப்பு தவறாமல் வரும். பழைய டயர், டியூப், பிளாஸ்டிக் எதையும் போகியன்று எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொள்ளும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அதையே தெருத்தெருவாகச் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் நுரையீரலைப் பற்றிப் பேசுவார். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: டயர் எரிவது மக்களின் அறியாமையால், விழிப்புணர்வு வந்துவிட்டால் நின்றுவிடும்.

அந்த நம்பிக்கை தவறு. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதால் யாரும் கேள்வி கேட்காமல் நிலைத்துவிட்ட தவறு. இந்த நாட்டில் டயரை எரிப்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தே எரிக்கிறார்கள். எரித்தால் காசு மிச்சமாகிறது, அல்லது காசு வருகிறது என்பதால் எரிக்கிறார்கள். அறியாமையைக் குற்றவாளியாக்கினால் காசு பார்ப்பவர் தப்பிவிடுகிறார். அறிவுரை கேட்க வேண்டியவராகத் தெருவோரக் குடிசைவாசி மட்டும் மிஞ்சுகிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். போகியன்று டயர் எரிப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு நாள் புகைதானே, வண்டிகள் வருடம் முழுக்கப் புகை விடவில்லையா என்று கேட்பவர்கள் புகையை நாள் கணக்கில் அளக்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. டயரில் ஏறக்குறைய பாதி ரப்பர், கால் பங்கு கரித்தூள். மீதியில் எஃகுக் கம்பி, எண்ணெய், கந்தகம், துத்தநாகம். திறந்த வெளியில் எரியும்போது இது முழுதாக எரிவதில்லை. பென்சீன், பென்சோபைரின் போன்ற புற்றுநோய் தரும் சேர்மங்கள், கந்தக டை ஆக்சைடு, நுண்துகள், உலோகத் தூள் எல்லாம் அந்தக் கரும்புகையில் இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மரபணுவைச் சிதைக்கும் ஆற்றலை வைத்துப் புகைகளை ஒப்பிட்டது. வீட்டுக் கணப்பில் எரியும் விறகின் புகையைவிடத் திறந்தவெளி டயர்ப் புகை 16 மடங்கு கொடியது. நன்றாக எரித்து, வடிகட்டியும் பொருத்திய நிலக்கரி மின்நிலையத்தின் புகையோடு ஒப்பிட்டால் 13,000 மடங்கு. அதிகாலைக் குளிரில் காற்று அசையாமல் தரையோடு படுத்திருக்கும் நேரத்தில் அதைக் கொளுத்தினால், குழந்தைகள் மூச்சிழுக்கும் உயரத்திலேயே அது தேங்கும். 2018 போகியன்று காலை சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆகவே ஒரு நாள் என்பது சமாதானமே ஆகாது.

ஆனால் அந்தத் தெருமுனைத் தீயில் கிடக்கும் டயர் எங்கிருந்து வந்தது? போகிக்குக் கழிப்பது பழைய பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த முறம். எந்த வீட்டின் பரணில் டயர் இருக்கிறது? ஸ்கூட்டருக்குப் புது டயர் மாட்டும்போது பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் நம் வழக்கம். பையன்கள் அதைப் பஞ்சர் கடை வாசலிலிருந்துதான் உருட்டி வருகிறார்கள். அது ஏன் அங்கே சும்மா கிடந்தது என்றால், யாரும் விலைக்குக் கேட்கவில்லை. சைக்கிள் டயரிலும் இருசக்கர வண்டி டயரிலும் எடை குறைவு, கம்பியும் குறைவு; காயலான் கடைக்காரருக்கு அதைத் தூக்கிப் போகும் கூலி கட்டாது. லாரி டயர் அப்படிக் கிடப்பதில்லை. அதைத் தேடி ஆள் வருவார், எடைபோட்டு வாங்கிப் போவார். சந்தை கழித்துப்போட்ட மிச்சம்தான் போகித் தீயில் எரிகிறது. சந்தை விலைகொடுத்து எடுத்துக்கொண்ட பெரும்பகுதி, நம் கண்ணுக்குப் படாத இடங்களில், வருடம் முழுக்க எரிகிறது. ஒலிபெருக்கி அந்தப் பக்கம் போவதே இல்லை.

டயரின் வெப்ப ஆற்றல் கிலோவுக்கு 7,500 கிலோகலோரிக்குக் குறையாது. நம் நாட்டுச் சுரங்கத்திலிருந்து மின்நிலையங்களுக்குப் போகும் சாதாரண நிலக்கரி ஏறக்குறைய அதில் பாதிதான் தரும். செங்கல் சூளைக்காரருக்கும் சிறு உலைக்காரருக்கும் இந்தக் கணக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். கரியும் விறகும் விலை ஏறிக்கொண்டே போகும்போது, அதைவிடக் கூடுதலாகக் கனலும் ஒரு பொருள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. அவரிடம் போய், இந்தப் புகை கெடுதல் என்று விளக்குவது வீண். அவருக்குத் தெரியும். அவர் கண்தான் முதலில் எரிகிறது.

சுடுகாட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் விறகு நனைந்திருக்கும், சிதை பிடிக்காது, உறவினர்கள் காத்திருப்பார்கள். பழைய டயர் ஒன்றை அடியில் வைத்தால் தீ பற்றிக்கொள்ளும். பல ஊர்களில் நடப்பதுதான் இது. அந்தத் தொழிலாளி வேலை நாளெல்லாம் அந்தப் புகைக்குள் நிற்கிறார். டயர்ப் புகையைப் பற்றி அவருக்குப் புதிதாகச் சொல்லித்தர இந்த மாநிலத்தில் ஒருவருமில்லை. அவரிடம் இல்லாமல்போனது காய்ந்த விறகு. நகராட்சிகள் எரிவாயுத் தகனமேடை கட்டிய இடங்களில் டயருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதற்காக எவரும் உறுதிமொழி எடுக்கவில்லை, ஊர்வலம் போகவில்லை. வேறு வழி வந்தது, டயர் போனது. விழிப்புணர்வுவாதிகள் இந்த ஓர் உதாரணத்துக்காவது பதில் சொல்ல வேண்டும்.

மறியலில் நடுரோட்டில் டயர் கொளுத்துபவர்களும் அறியாமல் செய்வதில்லை. புகை தெரிய வேண்டும் என்பதற்காகவே கொளுத்துகிறார்கள். அது வேறு கதை.

இப்போது பிரச்சாரத்தின் அடுத்த வரிக்கு வருவோம்: டயரை எரிக்காதீர்கள், மறுசுழற்சிக்குக் கொடுங்கள். கேட்பதற்கு இதில் பிழையே இல்லை. கொடுத்த டயர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால்தான் பிழை தெரியும்.

கணிசமான பங்கு பைரோலிசிஸ் என்ற பெயரில் நடக்கும் ஆலைகளுக்குப் போகிறது. லாரி உயரத்துக்கு இரும்பு உருளை ஒன்று. அதற்குள் டயர்களைக் கையால் அடுக்கித் திணித்து, கதவைப் போல்ட் போட்டு மூடிவிடுவார்கள். அடியில் தீ மூட்டுவார்கள். உள்ளே காற்று கிடையாது. 400, 500 டிகிரிச் சூட்டில் ரப்பர் எரியாமல் ஆவியாகிறது. அந்த ஆவியைக் குழாய் வழியே கொண்டுபோய்க் குளிரவைத்தால் கறுத்த எண்ணெய் வடியும். குளிராத வாயுவை உலைக்கு அடியிலேயே எரிப்பார்கள். பல மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் கரித்தூளும் கம்பிச் சுருளும் கிடக்கும். கம்பி இரும்புக் கடைக்கும், கரித்தூளில் பெரும்பங்கு சூளைக்கும், எண்ணெய் உலைகளுக்கும் போகிறது. காகிதத்தில் இது மறுசுழற்சி. டயர் எரிக்கப்படவில்லை என்று நடத்துபவர் சத்தியமே செய்யலாம். நடந்தது என்னவென்றால், டயர் எண்ணெய், வாயு, கரி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டு, மூன்று இடங்களில் எரிக்கப்பட்டது. முன்பு ஒரே இடத்தில் தெரிந்த புகை இப்போது மூன்று ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. ரப்பராக மீண்டது ஒன்றுமில்லை.

இந்த ஆலைகளின் நிலையைச் சொல்ல நான் தேவையில்லை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொல்லியிருக்கிறது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அது கொடுத்த கணக்கின்படி 19 மாநிலங்களில் 637 ஆலைகள். விதிகளுக்கு உட்பட்டு நடந்தவை 251. விதியை மீறியவை 270. மீதி 116 மூடிக்கிடந்தன. அதாவது ஓடிக்கொண்டிருந்தவற்றில் பாதிக்கு மேல் விதிமீறல். அனுமதி வாங்கி, வாரியத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும் ஆலைகளின் கதையே இதுவென்றால், பதிவேட்டிலேயே இல்லாதவற்றின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டம் வாடா பகுதியில் இப்படிப்பட்ட ஆலை ஒன்றில் வெடிப்பு நேர்ந்து இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். ஆலைக்குள் குழந்தைகள் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்கள், சூளையிலும் ஆலையிலும் வேலை செய்யும் குடும்பங்கள் எங்கே சமைத்து எங்கே தூங்குகின்றன என்று ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் விபத்துக்கு வழிகள் தெரிந்தவைதான். உலை ஆறுவதற்கு மணிக்கணக்காகும். ஆறவிட்டால் அடுத்த சுமை தாமதமாகும். தாமதம் நட்டம். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் சூடான கரி காற்றைத் தொட்டவுடன் பற்றும், உள்ளே தங்கிய வாயு வெடிக்கும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இது தெரியும். தெரிந்தும் திறக்க வைப்பது அடுத்த சுமையின் கணக்கு.

வாடாவில் உருகிய டயர்கள் எல்லாம் இந்தியாவில் தேய்ந்தவையும் அல்ல. பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டயர்கள் பழையதாகிக் கழிக்கப்படுகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி இந்தியாவுக்கு வருகிறது. 2025இல் பிபிசி வெளியிட்ட புலனாய்வில், டயர்களுக்குள் இடங்காட்டும் கருவிகளை ஒளித்துவைத்துப் பின்தொடர்ந்தார்கள். மறுசுழற்சிக்கு என்று தாளில் எழுதி அனுப்பிய டயர்கள் கிராமத்தோர உலைகளில் போய் முடிந்தன. அறியாமைக் கோட்பாடு இங்கேதான் முழுதாக உடைகிறது. பிரிட்டனில் டயர் மாற்றுபவர் படித்தவர், குப்பையைத் தரம் பிரித்துப் போடுபவர். பழைய டயரை முறையாக அப்புறப்படுத்தக் கடையில் தனிக் கட்டணமும் கொடுத்துவிட்டு வருகிறார். அங்கே டயரைக் குப்பை மேட்டில் புதைக்கவும் தடை உண்டு. விழிப்புணர்வு இதற்குமேல் என்ன வேண்டும்? அத்தனை விழிப்புணர்வும் சேர்ந்து அந்த டயரை இங்கே ஒரு கிராமத்தோர உலையில் எரியவிடாமல் காப்பாற்றவில்லை. அங்கே முறைப்படி துண்டாக்கிப் பதப்படுத்துவதைவிட, கப்பலேற்றி அனுப்புவது மலிவு, அவ்வளவுதான்.

பழைய கதைகளும் இதையே சொல்கின்றன. 1983இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சுமார் 70 இலட்சம் டயர்கள் கொண்ட குவியல் ஒன்று தீப்பிடித்து மாதக்கணக்கில் எரிந்தது. 1990இல் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் ஒரு கோடிக்கு மேற்பட்ட டயர்கள் 17 நாள் எரிந்தன. சுற்றுவட்டாரமே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. வேல்ஸில் 1989இல் பற்றிய ஒரு குவியல் உள்ளுக்குள் ஆண்டுக்கணக்கில் கனன்றது. இவை எதுவும் எழுத்தறிவில்லாத ஊர்கள் அல்ல. டயரைக் குவித்துவைக்கச் செலவில்லை, அகற்றத்தான் செலவு, அதனால் குவிந்தது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நூறு கோடிக்கு மேல் குவிந்துகிடந்த டயர்களில் பெரும்பகுதி இன்று இல்லை. மாநிலங்கள் சட்டம் போட்டன, புது டயர் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வைத்தன, அந்தப் பணத்தில் அகற்றின. அங்கும் ஒரு பங்கு சிமென்ட் உலையில் எரிபொருளாகத்தான் போனது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1,400 டிகிரிக்கு மேல் கனலும் சிமென்ட் உலையில் டயரின் கம்பியும் சிமென்டாக அரைபடும் கிளிங்கர் கட்டிக்குள் கலந்துவிடும், கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், புகைபோக்கியில் அளவி இருக்கும். நெருப்பு என்றாலே ஆகாது என்பது என் கட்சி அல்ல. அளவி இல்லாத நெருப்பு ஆகாது என்கிறேன்.

பைரோலிசிஸை ஆதரிப்பவர்கள் இரண்டு பதில்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டும் எடுத்துப் பார்க்கத் தகுந்தவை. ஒன்று, எல்லா ஆலையும் ஒன்றல்ல. நறுக்கிய ரப்பரை நிற்காமல் ஊட்டி, கதவைத் திறக்காமலேயே கரியை வெளியே எடுக்கும் தொடர் உலைகள் வந்துவிட்டன என்பது. உண்மை, அவை மேலானவை. ஆனால் விலையும் பல மடங்கு. அதனால்தான் கையால் அடுக்கும் உலைகள் இன்னும் இத்தனை ஓடுகின்றன. நல்ல உலையைக் காட்டி மோசமான உலைக்கு நற்சான்று வாங்குவது நேர்மையல்ல.

இரண்டாவது பதில் எண்ணெயைப் பற்றியது. டயர் எண்ணெயில் கந்தகம் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. ஃபர்னஸ் ஆயிலில் அதைவிட அதிகம். ஆகவே இது தூய்மை என்கிறார்கள். ஃபர்னஸ் ஆயில் எரிபொருள்களிலேயே அழுக்கானவற்றில் ஒன்று. டெல்லியைச் சுற்றியுள்ள உத்தரப்பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் உச்ச நீதிமன்றம் 2017இல் அதைத் தொழிற்சாலைகளுக்குத் தடைசெய்தது. அதைவிட மேல் என்பது ஒரு தகுதியா? 2020 ஏப்ரலிலிருந்து நம் பெட்ரோல் நிலையங்களில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டயர் எண்ணெயில் இருப்பது அதைப்போல ஆயிரம் மடங்கு. ஒரு லாரி ஓட்டுநரின் புகைக்குழாயை இவ்வளவு கண்டிப்பாக அளந்துவிட்டு, அதே லாரியின் டயரை உருக்கிய எண்ணெயை எந்த அளவியும் இல்லாத உலையில் ஊற்ற அனுமதிப்பதில் என்ன நியாயம்?

சட்டம் இல்லாமலும் இல்லை. 2022 ஜூலையில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, பழைய டயரின் பொறுப்பை அதைத் தயாரித்தவர் மீதும் இறக்குமதி செய்தவர் மீதும் சுமத்தியது. எண்ணெய்க்காகவும் கரிக்காகவும் பழைய டயரை இறக்குமதி செய்வதையும் தடைசெய்தது. நல்ல விதி. தயாரிப்பாளர் தன் பங்குக்கு மறுசுழற்சிச் சான்று வாங்கிக் காட்ட வேண்டும். ஆனால் சான்று பெறத் தகுதியான பொருள்களின் பட்டியலில் பைரோலிசிஸ் எண்ணெயும் கரியும் இருக்கின்றன. ஒரு கையால் தடுத்துவிட்டு மறு கையால் அழைப்பது இது. சான்றுக்குச் சந்தை விலை உண்டு. எளிதாகச் சான்று கிடைக்கும் வழியாகவே டயர் ஓடும். விழிப்புணர்வு இல்லாத குடிசைவாசிக்கும் இந்தப் பட்டியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பட்டியலை எழுதியவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

அறியாமைக் கோட்பாட்டில் என்னை மிகவும் கோபப்படுத்துவது அது தேர்ந்தெடுக்கும் முகவரி. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தெருமுனையில் தீ மூட்டிய பையனைப் பிடிப்பது எளிது; அவன் ஓடினாலும் அவன் வீடு தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் உலை மூட்டும் ஆலையைப் பிடிக்க இருட்டில் போக வேண்டும், கருவி கொண்டுபோக வேண்டும், மின் இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவு எழுதத் துணிவு வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நொந்துகொள்வதே நிர்வாகத்துக்கு வசதி. பள்ளிப் பிள்ளைகளை ஊர்வலம் அனுப்புவதில் எவருக்கும் நட்டமில்லை. அதனால்தான் அதற்கு எல்லாரும் ஆதரவு.

இந்த ஆலைகளை இறுக்கினால் ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும் என்பார்கள். ஆயுள் முழுக்கக் கரித்தூளைச் சுவாசிக்கும் வேலையை வேலைவாய்ப்பு என்று காப்பாற்றுவது தொழிலாளிக்குச் செய்யும் உதவி அல்ல. டயரை வைத்து வாழும் வேறு தொழில்கள் நம்மிடமே உண்டு. லாரித் தொழில் பெருகிய நாமக்கல் பக்கம் மொட்டை டயருக்குப் புது முகப்பு ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறைகள் காலங்காலமாக நடக்கின்றன. நல்ல லாரி டயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அப்படி உயிர் கொடுக்கலாம். முகப்பு மட்டுமே புதிது, மீதியெல்லாம் பழையது, அவ்வளவு மூலப்பொருளும் மிச்சம். அதற்குக் கைத்திறன் உள்ள ஆள்கள் வேண்டும். 2019 ஜனவரியில் ரீட்ரேட் டயரின் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கியது. அது போதாது, இன்னும் கீழே இறக்க வேண்டும். அதற்கும் தேறாத டயரைத் தூளாக்கித் தாரோடு கலந்து சாலை போடும் முறை இந்தியாவில் புதிதல்ல, தரநிர்ணயமும் இருக்கிறது. தேவைப்படுவது சாலை ஒப்பந்தங்களில் அதைக் கட்டாயமாக்கும் ஒரு வரி. செருப்புத் தைப்பவர்கள் டயரை அறுத்து அடிப்பாகம் வைத்துத் தைத்த நாட்டில், டயருக்கு வேறு பயன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே பிரச்சாரத்துக்குச் செலவாகும் பணமும் ஆள்பலமும் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். பஞ்சர் கடையில் கிடக்கும் சைக்கிள் டயருக்கும் பைக் டயருக்கும் ஒரு விலை வைத்து, தயாரிப்பாளர்களின் செலவில் அள்ளிச் செல்ல வேண்டும். அப்போது தெருமுனைக்கு உருட்டிப் போகப் பையனுக்கு டயர் கிடைக்காது. சான்றுப் பட்டியலிலிருந்து எண்ணெயையும் கரியையும் நீக்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பழைய டயர்ப் பெட்டகமும் எந்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை வாரியம் ஊர்ப் பெயரோடு வெளியிட வேண்டும். தனியார் செய்தியாளர்கள் ஒரு சின்னக் கருவியை வைத்துக் கண்டறிந்ததை அரசாங்கத்தால் கண்டறிய முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் இயங்கும் ஒவ்வொரு பைரோலிசிஸ் ஆலையின் புகைபோக்கி அளவையும் ஊர் மக்கள் கைப்பேசியில் பார்க்கும்படி செய்ய வேண்டும். சோதனை இரவில் நடக்க வேண்டும். ஒரு வேலை மட்டும் நாளைக்கே தொடங்க முடியும்: கையால் அடுக்கும் உலை எதுவானாலும், உள்ளே சூடு இறங்கி வாயு வெளியேறும்வரை கதவைத் திறக்கவே முடியாதபடி தானியங்கிப் பூட்டு பொருத்தச் சொல்லி உத்தரவிடுவது, பொருத்தாத உலைக்கு மின்சாரத்தை நிறுத்துவது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போடப் போதுமான விழிப்புணர்வு வாரிய அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது.